வீட்டுக் கொல்லையில் வாத்து வளர்ப்பு: முதல் நான்கு வாரம்தான் கண்டம்!

அறுவடை முடிந்த நெல் வயலில் நூற்றுக்கணக்கான வாத்துகள் வரிசையாக மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு, வீட்டிலும் ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். சாலையோரத்திலோ சந்தையிலோ மஞ்சள் பஞ்சு போலிருக்கும் குஞ்சு ஒன்றை வாங்கி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவோம். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து அதில் விடுவோம். அது நீந்தும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். இரவு நனைந்த உடம்போடு அதே பெட்டியில் படுக்க வைப்போம். மறுநாள் வீட்டில் இருக்கும் கடலைப் புண்ணாக்கை நுணுக்கிப் போடுவோம். மூன்றாம் நாள் தலை தொங்கும். நான்காம் நாள் பிள்ளைகள் அழுதுகொண்டே செடிக்கடியில் குழி தோண்டுவார்கள். 'வாத்துக்குஞ்சு நம் வீட்டில் தங்காது' என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள்.

உண்மையில் வாத்து எளிதில் சாகும் பறவை அல்ல. வளர்ந்த வாத்து மழையையும் பனியையும் கோழியைவிட நன்றாகத் தாங்கும். கோழிகளைத் தாக்கும் பல நோய்கள் அதை அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆனால், பொரித்த நாளிலிருந்து முதல் நான்கு வாரம் அதற்குக் கண்டம். அந்தக் காலத்தில் ஏற்படும் இழப்புகளில் பெரும்பகுதி குளிர், ஈரம், பூஞ்சணத் தீவனம் ஆகிய மூன்றால் வருவதுதான். மூன்றையும் நம் கையாலேயே தடுக்க முடியும். வீட்டுக் கொல்லையில் நான்கைந்து வாத்துகளை வளர்க்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

ஒற்றைக் குஞ்சு வேண்டாம்

முதலில், ஒரே ஒரு குஞ்சை மட்டும் வாங்காதீர்கள். வாத்து கூட்டமாக வாழும் பறவை. பொரித்து வெளியே வந்த முதல் ஒரு நாளுக்குள் தன் கண்முன் அசையும் உருவத்தையே தாய் என்று மனத்தில் பதித்துக்கொள்ளும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கான்ராட் லோரன்ஸ் என்ற விஞ்ஞானி, வாத்தின் இனத்தைச் சேர்ந்த பெருவாத்துக் குஞ்சுகளை வைத்து இந்தப் பழக்கத்தை விரிவாக ஆராய்ந்தார். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தனியாக வளரும் குஞ்சு வீட்டில் இருப்பவர்களின் காலடியையே சுற்றிச் சுற்றி வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அது விடாமல் கத்தும். அது விளையாட்டுச் சத்தம் இல்லை. கூட்டத்தைத் தொலைத்துவிட்ட குஞ்சின் பதற்றம். தீனி எடுக்காமல் மெலிந்து போவதும் உண்டு. அப்படி மனிதரோடு மட்டுமே ஒட்டி வளர்ந்த ஆண் வாத்து, பெரிதானதும் ஆட்களின் காலைக் கொத்தி இழுக்கும் தொல்லையும் வரலாம். எனவே குறைந்தது மூன்று குஞ்சுகளாவது வாங்குங்கள். மூன்றையும் தினமும் கையில் எடுத்துப் பழக்கினால், உங்களோடும் பழகும்; ஒன்றுக்கொன்று துணையாகவும் இருக்கும்.

எந்த இனம் வாங்கலாம்?

முட்டைதான் முக்கியம் என்றால் காக்கி கேம்பல் இனம் நல்லது. இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட இந்த இனம் நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். வீட்டுக் கொல்லையில் அவ்வளவு எதிர்பார்க்காமல், அதற்குக் குறைவாகவே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த இனம் சற்றுப் பயந்த சுபாவம் கொண்டது. சின்ன வயதிலேயே பழக்காவிட்டால் ஆளைக் கண்டால் ஓடும்.

நம் மாநிலத்தில் மேய்ச்சல் வாத்து வளர்ப்பவர்களிடம் ஆரணி வாத்து, கீரி, சன்யாசி போன்ற நாட்டு வகைகள் இருக்கின்றன. முட்டை எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், நம் வெயிலுக்கும் மேய்ச்சலுக்கும் பழகியவை. முதல்முறையாக வளர்ப்பவர்களுக்கு இவை ஏற்றவை.

வெள்ளைப் பெக்கின் இறைச்சிக்கான இனம். ஆறு வாரத்திலேயே இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். சாதுவாக இருப்பதால் செல்லமாக வளர்க்க விரும்புவார்கள். ஆனால், உடல் எடை அதிகம் என்பதால் கால் பிரச்சினை வர வாய்ப்பு அதிகம். மணிலா வாத்து எனப்படும் மஸ்கோவி, தானே அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். அதிகம் சத்தம் போடாது என்பதால் வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்துக்கு ஏற்றது. ஆனால், நன்றாகப் பறக்கும்.

குஞ்சு வாங்கும்போது கண் பளிச்சென்று இருக்கிறதா, தொப்புள் காய்ந்திருக்கிறதா, இரண்டு காலிலும் சமமாக ஊன்றி நடக்கிறதா, பின்பக்கம் எச்சம் ஒட்டாமல் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டத்தில் ஒதுங்கிக் கண்மூடி நிற்கும் குஞ்சைப் பரிதாபப்பட்டு வாங்க வேண்டாம்.

குஞ்சுப் பெட்டி: சூடும் காய்ந்த தரையும்

குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் காலம் சுமார் நான்கு வாரம். முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து, நான்காம் வாரத்தில் 24 டிகிரிக்குக் கொண்டுவரலாம். கோடைக்காலத்தில் பகலில் சூடு தேவைப்படாது. இரவில் மட்டும் கொடுத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பகலிலும் தேவைப்படும்.

நான்கைந்து குஞ்சுகளுக்கு ஒரு பெரிய அட்டைப் பெட்டியும் பழைய குண்டு பல்பு ஒன்றும் போதும். 40 அல்லது 60 வாட் பல்பைப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. இதைத் தெரியாமல் பல்பு எரிகிறதே என்று நம்பிக் குஞ்சுகளைக் குளிரில் விட்டவர்கள் உண்டு. பல்பு அட்டையிலோ வைக்கோலிலோ படாமல் உறுதியாகக் கட்டுவது அவசியம். இல்லையென்றால் தீப்பிடிக்கும்.

வெப்பமானி இல்லையென்றாலும் கவலையில்லை. குஞ்சுகளைப் பார்த்தாலே தெரியும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் சூடு போதவில்லை. எல்லாம் விலகிப் போய், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பெட்டி முழுக்கப் பரவலாகப் படுத்திருந்தால் சரியான அளவு.

தரையில் வெறும் செய்தித்தாளை விரிக்காதீர்கள். வழுவழுப்பில் குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, ஊனமாகிவிடும். முதல் சில நாட்கள் சணல் சாக்கு விரிக்கலாம். பிறகு நெல் உமி அல்லது மரத்தூளை இரண்டு அங்குலம் பரப்பலாம். வாத்துக்குஞ்சு தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், நனைந்த உமியைத் தினமும் அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். ஈரமான படுக்கையில்தான் குளிரும் பூஞ்சணமும் சேர்ந்து வரும்.

தண்ணீர்: தலை மூழ்கலாம், உடம்பு மூழ்கக் கூடாது

மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டுமா என்பார்கள். வாத்துக்குஞ்சுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லைதான். ஆனால், தாயோடு போகிற குஞ்சு குளத்திலிருந்து ஏறியதும் தாயின் இறகுக்குள் புகுந்து சூடேற்றிக்கொள்ளும். பெட்டியில் வளரும் குஞ்சுக்கு அந்த இறகு இல்லை. மேலிருக்கும் மென்தூவி நனைந்துவிட்டால், உடம்பு குளிர்ந்து சில மணி நேரத்தில் சுருண்டுவிடும். வாளியில் விட்டால் ஏறி வர வழியில்லாமல் களைத்து மூழ்கியும் போகும். நீந்தும் பறவை நீரில் மூழ்கிச் சாகுமா என்று பலர் நம்புவதில்லை, ஆனால், நடக்கிறது.

அதேசமயம், தண்ணீரை அறவே குறைத்துவிடவும் கூடாது. வாத்து தன் கண்ணையும் மூக்குத் துவாரத்தையும் தண்ணீரில் அமிழ்த்தித்தான் சுத்தம் செய்துகொள்ளும். தட்டையான தட்டில் கொஞ்சமாகத் தண்ணீர் வைத்தால், தீவனம் மூக்கில் அடைத்துக்கொள்ளும், கண்ணில் பீளை கட்டும். எனவே குஞ்சுகளுக்குத் தண்ணீரின் ஆழம் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை இருக்கட்டும். உள்ளே இறங்கிவிடாதபடி, கிண்ணத்தின் நடுவில் சுத்தமான கூழாங்கற்களைப் போடலாம் அல்லது மேலே கம்பிவலை வைக்கலாம்.

இன்னொரு விதியையும் மறக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் தீவனம் மட்டும் வைக்கக் கூடாது. வாத்து ஒரு வாய் தின்றதும் தண்ணீருக்கு ஓடும். தண்ணீர் இல்லையென்றால் உலர் தீவனம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இரவில் தண்ணீரை எடுத்துவிடுவதாக இருந்தால், தீவனத்தையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

நீந்த விடுவதற்கு அவசரம் வேண்டாம். இறகு முழுதாக முளைக்க ஏழெட்டு வாரம் ஆகும். அதற்கு முன் பிள்ளைகள் ஆசைப்பட்டால், நல்ல வெயில் நேரத்தில், வெதுவெதுப்பான தண்ணீரில், நீங்கள் பக்கத்தில் இருக்க ஐந்து நிமிடம் விடலாம். பிறகு துணியால் ஒற்றி, நன்றாகக் காயும் வரை சூட்டில் வையுங்கள்.

தீவனம்: பூஞ்சணம்தான் முதல் எதிரி

வாத்து வளர்ப்பில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'அஃப்ளாடாக்சின்'. நிலக்கடலை, மக்காச்சோளம் போன்றவற்றில் ஈரம் பட்டால் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கும் நச்சு இது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கே காரணம் என்று பிறகு தெரியவந்தது. அதிலிருந்த நச்சைக் கண்டறியும் சோதனைகளுக்கு அப்போது பயன்படுத்தியது ஒரு நாள் வயது வாத்துக்குஞ்சுகளைத்தான். ஏனென்றால், மிகச் சிறிய அளவு நச்சுக்கும் அவற்றின் கல்லீரல் பாதிக்கப்படும். வாத்துத் தீவனத்தில் இந்த நச்சு 0.03 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்பார்கள். அதாவது, ஒரு டன் தீவனத்தில் வெறும் 30 மில்லிகிராம்! கோழி தாங்கிக்கொள்ளும் தீவனம்கூட வாத்துக்குஞ்சைக் கொன்றுவிடலாம்.

இந்த நச்சு கொதிக்க வைத்தாலோ வெயிலில் காய வைத்தாலோ போய்விடாது. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாத நிலையிலும் நச்சு இருக்கலாம். எனவே, கீழே உள்ளவற்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

• வாத்துக்குஞ்சுக்குக் கடலைப் புண்ணாக்கை அறவே தவிர்ப்பதுதான் பாதுகாப்பு. புரதத்துக்குச் சோயாப் புண்ணாக்கும் உப்பில்லாத மீன்தூளும் இருக்கின்றன.

• மக்காச்சோளம் சேர்ப்பதாக இருந்தால், கட்டி கட்டாத, மக்கல் வாடை இல்லாத, நன்கு காய்ந்த சோளத்தை மட்டும் வாங்குங்கள். மழைக்காலத்தில் அரிசிக் குருணை, கம்பு, கேழ்வரகு பக்கம் போவது நல்லது.

• தீவனத்தை மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஆகும் அளவு மட்டும் வாங்கி, தரையில் படாமல் மரப்பலகை மீது மூடி வையுங்கள்.

• தண்ணீர் தெளித்துப் பிசைந்த தீவனம் வாத்துக்குப் பிடிக்கும், விழுங்கவும் எளிது. ஆனால், ஒரு வேளைக்கு ஆகும் அளவே பிசையுங்கள். மிஞ்சியதை மறுவேளைக்கு வைக்காமல் கொட்டிவிட்டு, தட்டைக் கழுவிக் காய வையுங்கள்.

குஞ்சுகள் தீனியில் ஆர்வமின்றி வளராமல் நிற்பது, நொண்டுவது, கடைசியில் தலை பின்னோக்கி வளைந்து இழுப்பு வருவது இந்த நச்சின் அறிகுறிகள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. அறிகுறி தெரிந்த அன்றே அந்தத் தீவனத்தை முழுதாக நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவரைப் பாருங்கள். நிறுத்திய தீவனத்தை மாட்டுக்கோ கோழிக்கோ போடவும் வேண்டாம்.

கடையில் வாங்குவதானால், சுமார் 20 சதவீதப் புரதம் உள்ள வாத்துக்குஞ்சுத் தீவனம் முதல் எட்டு வாரத்துக்குச் சரியானது. அது கிடைக்காத இடத்தில் கோழிக்குஞ்சுத் தீவனம் வாங்குகிறவர்கள், அதில் மருந்து ஏதும் கலந்திருக்கிறதா என்று கேட்டு, மருந்து கலக்காததையே வாங்குங்கள். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடக் கூடாது. அதிலுள்ள அதிகச் சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரெட், பிஸ்கட், மிக்சர், உப்புப் போட்ட மீந்த சோறு எதுவும் வேண்டாம்.

கால் வளைகிறதா? நியாசினைக் கவனியுங்கள்

இரண்டு மூன்று வார வயதில் குஞ்சு நடக்கத் தயங்கி, முட்டி வீங்கி, கால் வளைந்து உட்கார்ந்துவிட்டால், நியாசின் என்ற வைட்டமின் குறைவாக இருக்கலாம். கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு இது கூடுதலாகத் தேவை. கோழித் தீவனம் மட்டும் தின்று வளரும் வாத்துக்குஞ்சுகளுக்குக் கால் வளைவது இதனால்தான் அடிக்கடி நடக்கிறது. ஈஸ்ட் தூள், மீன் ஆகியவற்றில் நியாசின் உண்டு. வைட்டமின் 'பி' சத்து மருந்தைத் தண்ணீரில் எந்த அளவில் கலப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் சரியாகும். எலும்பு வளைந்து இறுகிவிட்டால் திரும்பாது.

கொல்லையில் பெரிய வாத்தின் ஒரு நாள்

எட்டு வாரம் தாண்டிவிட்டால் பாதிக் கவலை போய்விடும். இனி இடமும் பாதுகாப்பும்தான் முக்கியம். இரவுக் கொட்டகையில் ஒரு வாத்துக்கு 3 முதல் 4 சதுர அடியும், பகலில் உலாவ 10 முதல் 15 சதுர அடியும் வேண்டும். ஐந்து வாத்துக்கு 5 அடிக்கு 4 அடி அளவில் ஒரு கொட்டகை போதும். உயரம் அதிகம் தேவையில்லை. ஆனால், காற்றோட்டம் வேண்டும். வாத்து கோழியைப் போல ஏறி உட்காராது, தரையில்தான் படுக்கும். எனவே நாய், கீரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாவற்றுக்கும் எளிய இரை. பொழுது சாய்ந்ததும் அடைத்துவிடுங்கள். வலை வைப்பதானால் சிறிய கண்ணுள்ள உறுதியான கம்பிவலையாக இருக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே குரலில் கூப்பிட்டுத் தீனி வைத்தால், ஒரு வாரத்தில் தானாகவே வரிசையில் வந்து அடையும்.

காலையில் அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். வாத்துகள் பெரும்பாலும் காலை 9 மணிக்குள் முட்டையிட்டுவிடும். அதற்கு முன் திறந்துவிட்டால், வேலியோரத்திலும் தண்ணீரிலும் இட்டுவிட்டு வரும். மூன்று வாத்துக்கு ஒரு முட்டைப்பெட்டி வீதம், ஓர் அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்டதாக, உள்ளே வைக்கோல் போட்டு மூலையில் வையுங்கள்.

நீந்தக் குளம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. தலையையும் கழுத்தையும் முக்கி, மேலே தெளித்துக்கொள்ளும் அளவுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு தொட்டி போதும். ஏறி இறங்க ஒரு செங்கல் படி வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். அழுகிய இலையும் செத்த பிராணியும் கிடக்கும் தேங்கிய குட்டையில் மேய விடாதீர்கள். அதில் உருவாகும் ஒருவகை நுண்ணுயிர் நச்சால் கழுத்து துவண்டு, நீந்தும்போதே தலை நீரில் விழுந்து இறந்துவிடும். கோடையில் மர நிழலும், மதியத்தில் குளிர்ந்த தண்ணீரும் கட்டாயம்.

இன்னொன்று, மினுமினுக்கும் எதையும் வாத்து விழுங்கிப் பார்க்கும். ஆணி, கம்பித்துண்டு, ஸ்டேப்ளர் முள், நாணயம் எதுவும் கொல்லையில் கிடக்காமல் பொறுக்கிவிடுங்கள்.

தோட்டத்துக்கு நண்பனா, எதிரியா?

இரண்டும்தான். நத்தை, புழு, வெட்டுக்கிளி, கரையான் எதையும் வாத்து விடாது. மழைக்காலத்தில் நத்தைத் தொல்லை உள்ள தோட்டத்துக்கு நல்ல காவல். கோழியைப் போல மண்ணைக் கிளறிச் செடியின் வேரைப் பறிக்காது. ஆனால், கீரைப் பாத்தியையும் இளம் நாற்றையும் மொட்டையடித்துவிடும். தட்டைப் பாதத்தால் மிதித்துச் சேறாக்கும். கீரைப் பாத்தியைச் சுற்றி இரண்டடி உயர வலை கட்டிவிட்டு, தென்னை, வாழை, எலுமிச்சை, கொய்யா மரங்களுக்கு அடியில் தாராளமாக விடலாம்.

எச்சம் தண்ணீராகப் போவதால் நாற்றமும் ஈயும் வரும். பக்கத்து வீட்டாரோடு மனக்கசப்பு வருவது இதனால்தான். தொட்டித் தண்ணீரைக் கொல்லையில் அப்படியே கொட்டாமல், தினமும் வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றுங்கள். அது எருத்தண்ணீர், வீணாக்க வேண்டியதில்லை. சிறிய அசோலாத் தொட்டி ஒன்று வைத்தால் பசுந்தீவனமும் ஆகும்.

கோழியும் வளர்ப்பவர்கள், இரண்டையும் ஒரே கூண்டில் அடைக்காதீர்கள். வாத்து நனைக்கும் தரையில் கோழிக்கு ரத்தக்கழிச்சல் நோய் எளிதில் வரும்.

முட்டையும் அடையும்

முட்டையின வாத்து சுமார் ஐந்து மாத வயதில் முட்டையிடத் தொடங்கும். முட்டையின் எடை 65 முதல் 70 கிராம் இருக்கும். அந்தக் காலத்தில் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய அளவு தானே எடுத்துக்கொள்ளும். பகல் வெளிச்சமும் விளக்கும் சேர்ந்து 14 மணி நேர வெளிச்சம் கிடைத்தால் முட்டை குறையாது.

முட்டை சாப்பிட மட்டும்தான் என்றால் ஆண் வாத்தே தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமானால், ஐந்தாறு பெட்டைகளுக்கு ஓர் ஆண் போதும். ஆண் அதிகமானால், பெட்டைகளின் கழுத்து இறகைப் பிய்த்துக் காயப்படுத்தும். இரண்டு மாதம் தாண்டியதும் குரலை வைத்தே இனம் பிரிக்கலாம். உரக்க 'குவாக்' என்று கத்துவது பெட்டை. கம்மிய குரலில் முனகுவது ஆண். இறகு முழுதாக வந்ததும் ஆணின் வாலில் சுருண்ட இறகு தெரியும்.

காக்கி கேம்பல் பெரும்பாலும் அடைகாக்காது. அடைக்கோழி இருந்தால் அதன் அடியில் பத்து முட்டை வரை வைக்கலாம். கோழிமுட்டை 21 நாளில் பொரிக்கும். வாத்து முட்டைக்கு 28 நாள், மணிலா வாத்துக்கு 35 நாள். எனவே அடைக்கோழிக்குத் தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே வையுங்கள். பொரித்த பிறகு, குஞ்சுகள் தண்ணீரில் இறங்கும்போது அந்தக் கோழி கரையிலேயே தவிப்பதையும் நீங்கள் பார்ப்பீர்கள்.

வாத்து முட்டை ஈரத்திலும் சேற்றிலும் கிடப்பதால், ஓட்டின் வழியே கிருமி உள்ளே போகலாம். அன்றன்றே எடுத்து, நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். அரைவேக்காடு வேண்டாம். பிள்ளைகள் வாத்தைத் தூக்கி விளையாடிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். முத்தம் கொடுக்கும் பழக்கம் வேண்டாம்.

நோயும் தடுப்பூசியும்

வாத்துகளைக் கூட்டமாக அழிக்கும் நோய்கள் இரண்டு. வாத்து காலரா பாக்டீரியாவால் வருவது. வாத்து பிளேக் வைரஸால் வருவது. பிளேக் வந்தால் கண்ணில் நீர் ஒட்டும், வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும், பச்சையாகக் கழியும், திடீரென இறக்கும். மருந்தால் குணமாகாது, தடுப்பூசி ஒன்றே வழி. காலராவுக்கு 3 முதல் 4 வார வயதிலும், பிளேக்குக்கு 8 முதல் 12 வார வயதிலும் தடுப்பூசி போடுவது வழக்கம். பக்கத்தில் உள்ள கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான்கு வாத்துக்காக ஒரு குப்பி மருந்து உடைப்பதில்லை என்றால், ஊரில் வாத்து வளர்க்கும் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போடலாம். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

பறவைக்காய்ச்சலையும் மறக்கக் கூடாது. கேரளாவின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் 2014-லும் 2021-லும் இந்த நோய் வாத்துகளைத் தாக்கி, ஏராளமானவற்றை அழிக்க வேண்டியிருந்தது. நோய் வெளியே தெரியாமலேயே சில வாத்துகள் கிருமியைச் சுமக்கும். ஊரில் பறவைகள் கூட்டமாக இறப்பதாகத் தெரிந்தால், உங்கள் வாத்துகளை உடனே அடைத்து வையுங்கள். இறந்த பறவையை வெறுங்கையால் தொடாமல், கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

கணக்கும் கடமையும்

முட்டையிடும் வாத்து நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் தீவனம் எடுக்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 44 கிலோ. அது 250 முட்டை இட்டால், ஒரு முட்டைக்குச் சுமார் 175 கிராம் தீவனம் ஆகிறது. உங்கள் ஊர்த் தீவன விலையையும் வாத்து முட்டை விலையையும் இதில் போட்டுப் பாருங்கள். கொல்லை மேய்ச்சல், நத்தை, அசோலா, காய்கறிக் கழிவு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு செலவு குறையும். நான்கு வாத்தில் பெரிய லாபம் வராது. வீட்டுக்கு முட்டை வரும், தோட்டத்துக்கு எரு வரும், பிள்ளைகளுக்கு ஒரு துணை வரும். அவ்வளவை எதிர்பார்த்து இறங்கினால் ஏமாற்றம் இருக்காது.

கடைசியாக ஒன்று. நல்ல முட்டை உற்பத்தி இரண்டு மூன்று ஆண்டு. ஆனால், பாதுகாப்பாக வளரும் வாத்து எட்டுப் பத்து ஆண்டுகள்கூட வாழும். முட்டை நின்ற பிறகு அதை என்ன செய்வது என்று குஞ்சு வாங்கும் நாளிலேயே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். இறைச்சிக்கு என்றால், அதற்குப் பெயர் வைத்துப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். செல்லம் என்றால், முட்டை இல்லாத ஆண்டுகளிலும் தீனி வைக்க மனம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தடுமாறி, ஒருநாள் ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவது மட்டும் வேண்டாம். வீட்டில் வளர்ந்த வாத்துக்கு நாயிடமிருந்து ஓடவும் தெரியாது, பறக்கவும் முடியாது.

இதற்கெல்லாம் சம்மதம் என்றால், முதலில் பெட்டியையும் பல்பையும் தயார் செய்யுங்கள். ஓர் இரவு எரியவிட்டுச் சூடு சரியாக இருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். நல்ல தீவனத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சந்தைக்குப் போய்க் குஞ்சு வாங்கலாம்.